மூடினால் நிற்காது

செம்பியன்கோட்டகம் சமுதாயக் கூடம். வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. விசாரணைக்கு வந்திருந்தவர்கள்:

ஹாஜிரா பேகம், கோட்டாட்சியர், விசாரணை அதிகாரி.
ரகோத்தமன், நிறுவனத்தின் முதுநிலைப் பொறியாளர்.
தமிழ்மாறன், ஏழாம் எண் கிணற்றின் இயக்குநர்.
பக்கிரிசாமி, ஊர்த் தீக்காவலர். இறந்தவர்களில் ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்குத் தகப்பன்.
அல்லி, பக்கிரிசாமியின் மூத்த மகள், கைக்குழந்தையுடன்.
காவலர் கருணாகரன், பாதுகாப்புக்கு.
ஊர் மக்கள் சுமார் அறுபது பேர்.

மனைவி சொர்ணமும் இளைய மகள் வெண்ணிலாவும் வரவில்லை. அவர்கள் செத்து பத்தொன்பது நாள் ஆகிறது. விசாரணையே அவர்களைப் பற்றித்தான்.

கூடத்துக்குள் நுழைந்த எல்லாருடைய சட்டைப் பையையும் வாசலில் நின்று தடவிப் பார்த்தது பக்கிரிசாமி. அது அவர் வேலை. மனைவியும் மகளும் செத்ததற்காக வேலையிலிருந்து அவரை யாரும் விடுவிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கோட்டாட்சியரின் கைப்பையையும் திறந்து பார்த்தார். கோட்டாட்சியரும் மறுக்காமல் காட்டினார்.

எண்ணெய்க் கப்பல்கள் நின்றுபோன பிறகு அரசாங்கம் காற்றாலை வைத்தது, வெயிலுக்குத் தகடு விரித்தது. விளக்கு எரிந்தது. ஆனால் லாரியும் பேருந்தும் ஓட வேறொன்று வேண்டியிருந்தது. டெல்டாவில் கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் எண்ணெய் பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு கீழேயே கிடந்தது. அதை மேலே கொண்டுவர முடியாது. சரி, கிடக்கிற இடத்திலேயே தின்ன வைக்கலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஒரு நுண்ணுயிர். கிணற்றுக்குள் ஊற்றினால் எண்ணெயைத் தின்றுவிட்டு ஹைட்ரஜனை விடும். அதைக் குழாயில் இழுத்து வண்டிகளுக்குக் கொடுத்தார்கள். புகை கிடையாது. ஊர்க்காரர்கள் அந்த நுண்ணுயிருக்குப் பூச்சி என்று பெயர் வைத்தார்கள்.

கொஞ்சம் கசியும் என்று முதலிலேயே சொன்னார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

கசிவது பற்றிக்கொள்ளும் என்பதால் பதினோரு ஊர்களில் தீ தடை செய்யப்பட்டது. வீட்டுக்கு வீடு மின்னடுப்பு, இலவச மின்சாரம். மாரியம்மன் கோயிலில் சிவப்பு பல்பு. பிணத்தை எரிக்கப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி எடுத்துப் போக வேண்டும். ஊருக்கு ஒரு தீக்காவலர். பன்னிரண்டு வருடமாகப் பக்கிரிசாமி ஒரு தென்னந்துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் தெருத்தெருவாக நடந்தார். ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ தெரியாது. துடைப்பத்தின் நுனி கருகினால்தான் எதிரே தீ இருப்பது தெரியும். பிள்ளைகள் அவரைத் துடைப்பக்கட்டை என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

காலை அமர்வில் அல்லிதான் முதலில் பேசினாள்.

"எங்க வீட்டுல தீப்பெட்டியே கெடயாதும்மா. ஊருல உள்ள தீப்பெட்டியப் பூரா புடுங்கிட்டுப் போறவரு எங்கப்பா. அவரு வீட்டுல யாரு பத்த வைப்பா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்தினார்கள்.

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" என்றார் கோட்டாட்சியர்.

"வாய்க்கால்மேடுங்க. கட்டிக்கொடுத்த ஊரு. இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டரு. அங்கயும் இதே பூச்சிதான், இதே கேஸுதான். இன்னிக்கு எங்கம்மாவும் தங்கச்சியும். நாளைக்கு இது." இடுப்பிலிருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அது பத்து மாதக் குழந்தை. கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டியது.

நிபுணர் அறிக்கையைக் கோட்டாட்சியர் வாசித்தார். கூரைக்குக் கீழே வாயு தேங்கியிருக்கிறது. எது பற்றவைத்தது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வீட்டில் மனிதர் மூட்டிய தீ இருந்ததா என்பதைச் சாட்சிகளிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

பிறகு சட்டத்தின் பதினான்காம் பிரிவை வாசித்தார். குடியிருப்பவர் மூட்டிய தீயால் விபத்து என்றால் அது அவர் குற்றம். ஏழு வருடம் வரை சிறை. அப்படி இல்லையென்றால் வட்டாரத்தின் எல்லாக் கிணறுகளையும் ஏழு நாளுக்குள் மூட வேண்டும். தொண்ணூறு நாள் மூடல், பிறகு மறு ஆய்வு.

"தொண்ணூறு நாளெல்லாம் வேணாம்மா" என்றாள் அல்லி. "ஒரேயடியா மூடிடுங்க."

கை தட்டினார்கள். ரகோத்தமன் மறுத்து ஒன்றும் பேசவில்லை. கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். பல்வலிக்காக மருத்துவமனையில் காத்திருப்பவர் போல இருந்தது அவர் முகம்.

பக்கிரிசாமியின் சாட்சியம் இரண்டு மணிக்கு என்று சொல்லிச் சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் தமிழ்மாறன் நின்றிருந்தான். பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டுக் கிணற்று வேலைக்கு வந்தவன். பக்கிரிசாமியை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"ரெண்டு மணிக்கு என்னாண்ணே சொல்லப் போறீங்க?"

"நடந்ததத்தான். காலைல ஆறு மணி. நான் தெக்குத் தெருவுல ரவுண்டு போயிட்டுருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினா வீட்டுக்குக் கூரை இல்ல."

"தீ?"

"ஏது தீ? அவ எந்திரிச்சு லைட்டப் போட்டுருப்பா. மோட்டாரப் போட்டுருப்பா. ஸ்விட்சுல பொறி வந்துருக்கும்."

"அதச் சொன்னா மூடிருவாங்க."

"மூடட்டும்."

தமிழ்மாறன் தொட்டிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டான். துடைக்கவில்லை.

"மூடினா நிக்காதுண்ணே."

"என்னா நிக்காது?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆறாம் நம்பர்ல வால்வு மாத்துனோம். மூணு நாளு கிணத்த நிறுத்தி வச்சிருந்தோம். அப்ப ஐயனார் கொளத்துல என்னா ஆச்சு?"

பக்கிரிசாமிக்கு மறக்கவில்லை. குளம் உலை போலக் கொதித்தது, ஆனால் தண்ணீர் குளிர்ந்திருந்தது. கரையில் பீடி பற்றவைத்த ஆடு மேய்க்கிறவனின் சட்டை பற்றி எரிந்தது. சுற்றிலும் எரிந்த தீ யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பக்கிரிசாமி துடைப்பத்தைத் தண்ணீருக்கு மேல் நீட்டினார். ஒன்றுமில்லாத இடத்தில் நுனி கருகியது.

"அது ஒரு கிணறு, மூணு நாளு" என்றான் தமிழ்மாறன். "இப்ப ஒம்பது கிணறு, தொண்ணூறு நாளு. வால்வ மூடுனது பூச்சிக்குத் தெரியாதுண்ணே. அது பாட்டுக்குத் தின்னும். தின்னா விடும். நாம இழுக்குற வரைக்கும் அது குழாயில வரும். இழுக்கலன்னா எங்க ஓட்டை கெடக்கோ அங்க வரும். வயல்ல வரும், அடுப்படியில வரும்."

"வாய்க்கால்மேடு?"

"மொதல்ல அங்கதான். பழைய ஆழ்துளை அங்கதான் நெறயக் கெடக்கு. பாதியக்கூட யாரும் ஒழுங்கா அடைக்கல."

"பூச்சியக் கொல்ல மருந்து இருக்குன்னாங்களே?"

"அப்படிச் சொல்லித்தான் லைசன்ஸ் வாங்குனாங்க. ஊத்திப் பாத்தோம். செத்துச்சு. நாலு மாசத்துல முன்னவிட ஜாஸ்தியா வந்துச்சு."

"இத அந்த அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"போன வாரமே சொன்னேன். எழுதிக் கொடுன்னாங்க, கொடுத்தேன். படிச்சுப் பாத்துட்டு, 'தம்பி, இது நெசம்னே வச்சுக்குவோம். சட்டத்தத் திருத்த ஆறு மாசம் ஆகும். மூடுற உத்தரவு ஏழு நாள்ல வந்துரும். நான் என்ன பண்ணட்டும்'னு என்னையே கேக்குறாங்க."

"அப்ப ஜனத்தக் கெளப்பச் சொல்லு."

"எங்க? கடல் ஏறி வந்து கெளம்புனவங்களே நாலு வருசமா கூடாரத்துல கெடக்காங்க. பதினோரு ஊர ஏழு நாள்ல எங்கண்ணே கொண்டு போயி வைக்கிறது?"

கூடத்தின் முன்பக்கம் யாரோ பொட்டலச் சோறு பத்தவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பெட்டிய மூடுனது நாந்தான் தம்பி" என்றார் பக்கிரிசாமி.

வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு மோப்பப் பெட்டி உண்டு. வாயு தேங்கினால் அலறும். நிறுவனத்தின் பெரிய மூளைகள் அதைச் செய்யும்போது இட்லி மாவை மறந்துவிட்டார்கள். மாவு புளித்துப் பொங்கும்போதும் அது அலறும். வாரத்தில் மூன்று இரவு ஊரே தூங்காமல் கிடந்தது. முதல் வருடம் புகார் எழுதினார்கள். இரண்டாம் வருடம் மாவு ஆட்டுகிற நாளில் பெட்டிக்குப் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் படுக்கப் பழகினார்கள். எல்லா வீட்டிலும் பை தொங்கியது. தீப்பெட்டி தேடி வீடு வீடாகப் போன பக்கிரிசாமி அந்தப் பைகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் தொங்கியது.

"வெண்ணிலாவுக்கு மறுநாள் பரீட்சை. நல்லாத் தூங்கட்டும்னு நாந்தான் ஏறிக் கட்டுனேன். காலைல அவுத்துட்டுப் போகணும். மறந்துட்டேன்."

"எல்லா வீட்டுலயும்தாண்ணே கட்டுறாங்க. சட்டத்துல பைய பத்தி ஒரு வரி இல்ல. தீ வச்சாங்களா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி."

அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பக்கிரிசாமியின் முகத்தைப் பார்க்காமல் அங்கேயே நின்றான். பொய் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தாலாவது பக்கிரிசாமி முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

அல்லி வேப்பமரத்தடியில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"காலைலேருந்து ஒண்ணும் திங்கலல்ல? தயிர் சோறுதான். தின்னு."

உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"மூடினதும் மொத வேல அம்மாவுக்கு ஒரு வெளக்கு ஏத்தணும்பா. பொணத்துக்குத் தலமாட்டுல பல்ப வச்சிட்டு உக்காந்துருந்தோம். எங்க மாமியா கேட்டுச்சு, இது என்னாடி ஆஸ்பத்திரியா வீடான்னு."

"அல்லி. மூடினா கேஸு நிக்காதுங்குறாங்கம்மா."

"யாரு? அவனா?" தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகத்தைக் காட்டினாள். "சம்பளம் யாருகிட்ட வாங்குறான்?"

"அவன் பொய் சொல்ற ஆளு இல்ல."

"வைக்கும்போது ஒண்ணும் ஆவாதுன்னானுவ. எடுக்கச் சொன்னா எடுத்தா ஆபத்துங்குறானுவ. பன்னெண்டு வருசமா இதே பாட்டு. நீயும் பாடுறியே."

"சரி, மூடட்டும். நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரு மூணு மாசம் எங்கயாச்சும் போயி இரு."

"எங்க போறது? நட்டது வயல்ல நிக்குது. அவரு வருவாரா? மாமியா வருமா? எனக்கு யாரு இருக்கா வெளியூர்ல?" குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். "நான் ஓட மாட்டேன்பா. அம்மா செத்த எடம். மூடுறத நின்னு பாக்கணும்."

அவள் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. நிறுவனம் பன்னிரண்டு வருடம் பொய் சொல்லிப் பழகியிருந்தது. இப்போது முதல் தடவையாக உண்மை அதன் பக்கம் இருந்தது. அதை நம்ப ஆளில்லை.

இரண்டு மணிக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

"பக்கிரிசாமி, அன்னைக்குக் காலைல உங்க வீட்டுல யாராவது தீ மூட்டினாங்களா?"

"மூட்டினேங்க."

கோட்டாட்சியர் எழுதாமல் அவரைப் பார்த்தார். தமிழ்மாறன் எழுதிக்கொடுத்த தாள் அவருக்கு முன்னால் இருந்த கோப்பில்தான் இருந்தது.

"கேள்வி புரிஞ்சுதா? தீ மூட்டினது யாரு?"

"நாந்தாங்க. பீடி பத்த வச்சேன். அடுப்படியில உக்காந்து. பாதி குடிச்சிட்டு மாடத்துல வச்சிட்டு ரவுண்டுக்குப் போயிட்டேன்."

"பீடி ஏது?"

"புடுங்குனதுதாங்க. திருவிழாவுக்கு வந்தவங்ககிட்ட புடுங்கிப் பெட்டியில போட்டு வச்சிருந்தேன். தீப்பெட்டியும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்."

மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. எழுத ஆரம்பித்தார்.

"எங்கப்பா பீடி குடிக்க மாட்டாரும்மா!" அல்லி எழுந்துவிட்டாள். "வாயத் தொறக்கச் சொல்லிப் பல்லப் பாருங்க. பீடி குடிக்கிறவன் பல்லாம்மா அது?"

"பல்ல வச்சு நான் தீர்ப்பு எழுத முடியாதும்மா."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "பன்னெண்டு வருசமா என் மடியத் தடவித் தடவிப் புடுங்குனானே பாவி. இதுக்குத்தானாடா? எங்கள வாயக் கட்டச் சொல்லிட்டு நீ குடிச்சியா?" இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். துடைப்பக்கட்டை என்று யாரோ சொன்னார்கள், இந்தத் தடவை பிள்ளைகள் சொல்வது மாதிரி இல்லை. கருணாகரன் நடுவில் வந்து நின்றார்.

சத்தம் அடங்கிய பிறகு அல்லி அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எவ்வளவு குடுத்தானுவ?"

"யாரும்மா?"

"சொல்லிடுப்பா. வாங்கினேன்னு சொன்னா போதும். நான் சண்டை போட மாட்டேன். கஷ்டம், வாங்கிட்டேன்னு சொல்லு."

அவர் புரிந்துகொண்டார். அப்பா விலைபோய்விட்டார் என்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடியும். அப்பா கொன்றுவிட்டார் என்பதைத் தாங்க முடியாது. வாங்கினேன் என்று சொன்னால் இந்த வாக்குமூலம் பொய்யாகிவிடும், ஏழாம் நாள் கிணறு மூடும். அவளுக்குக் கொடுக்க அவரிடம் அந்தப் பொய் ஒன்றுதான் இருந்தது.

"யாரும் ஒண்ணும் குடுக்கல. நாந்தான் பண்ணேன்."

அல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவர் பக்கம் அதன் முகம் தெரியாதபடி.

"அம்மா ஒன் சட்டைய தோச்சு ஈரத்தோட கொடியில போட்டுட்டுத்தான் படுத்தா" என்றாள். "அது இன்னும் அங்கயே கெடக்கு. எடுத்துப் போட்டுக்கிட்டுப் போ."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

ரகோத்தமன் கையெழுத்திட வேண்டிய இடத்தில் கையெழுத்திட்டார். கிணறுகள் தொடர்ந்து இயங்கலாம் என்று கோட்டாட்சியர் எழுதினார். தமிழ்மாறன் கூடத்தில் இல்லை, பகல் வேலைக்குத் திரும்பியிருந்தான். யாராவது இழுக்க வேண்டுமே.

நான்கு மணிக்கு வண்டி கிளம்பியது. கருணாகரன் பின்னால் பக்கிரிசாமிக்கு எதிரே உட்கார்ந்தார். கெட்ட ஆள் இல்லை. விலங்கை இறுக்காமல் போட்டார்.

"பொண்டாட்டி போயிட்டா, புள்ள போயிட்டா. ஒங்கள உள்ள போட்டு அரசாங்கத்துக்கு என்னா லாபம்? சட்டம்னா அப்படித்தான்" என்றார். பக்கிரிசாமி தலையாட்டினார். ஏழு வருடம் என்பதை அவர் ஏற்கெனவே ஒரு தடவை கூட்டிப் பார்த்திருந்தார். குழந்தை அப்போது இரண்டாம் வகுப்பு முடித்திருக்கும். உயிரோடு முடித்திருக்கும். அது போதும் என்று தோன்றியது. சொர்ணம் செத்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்குப் பசித்தது.

வயல்கள் போயின. எட்டாம் எண் கிணற்றின் வெள்ளை வேலி போயிற்று.

"ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்றார் கருணாகரன்.

"என்னா சத்தம்?"

"அதான் பாருங்க. ஒண்ணும் கேக்காது. புது வண்டி, வந்து பத்து நாள்தான் ஆவுது. உப்பு பேட்டரி. கடல் உப்புலயே செய்யுறானாம். தூத்துக்குடியில மலை மாதிரி குமிச்சு வச்சிருக்கான். கேஸு வண்டிக்கு ஆவுற செலவுல பாதிகூட இல்ல."

"கேஸு வண்டி?"

"அது தையோட சரி. சென்னையில முக்காவாசி பஸ்ஸ மாத்தியாச்சு. லாரியும் மாறிருச்சுன்னா முடிஞ்சுது." சிரித்தார். "ஒங்க ஊருக்கெல்லாம் விடுதலைதான். அடுத்த பொங்கலுக்கு விறகு வச்சுப் பொங்கலாம். ஒங்க பொண்ணு கேட்டுச்சே, ஒரேயடியா மூடுங்கன்னு. ஆட்டம் போடாம இருந்தாலே மூடியிருப்பான்."

"கம்பெனி?"

"கம்பெனிக்கு என்னா? மாசி மாசமே கையெழுத்துப் போட்டாச்சு. கெணத்துல சிமிட்டிய ஊத்தி அடைச்சிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். பேப்பர்ல வந்துச்சே, பாக்கலியா?"

பக்கிரிசாமி பேப்பர் படிப்பதில்லை.

"இழுக்க மாட்டாங்களா?"

"இழுத்து? யாருகிட்ட விக்கிறது?"

ரகோத்தமன் காலையிலிருந்து ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவருக்கு இப்போது விளங்கியது. தொண்ணூறு நாள் மூடினாலும், மூடாவிட்டாலும், அந்த ஆளுக்கு ஒன்றுதான். கம்பெனி மூட்டை கட்டியாகிவிட்டது. தமிழ்மாறனுக்கு இது தெரியுமா என்று யோசித்தார். தெரிந்திருக்காது. கிணற்றில் வேலை பார்ப்பவனிடம் கிணற்றைப் பற்றி யார் சொல்லப் போகிறார்கள்?

சித்திரை, வைகாசி என்று விரலை மடக்கினார். தை வரை ஒன்பது மாதம். ஏழு வருடம் கொடுத்து அவர் வாங்கியது அதுதான். ஒன்பது மாதம் கழித்து ஒன்பது கிணற்றையும் அடைப்பார்கள். தொண்ணூறு நாளுக்கு இல்லை, என்றைக்குமாக. கீழே எண்ணெய் தீரும் வரைக்கும் பூச்சி தின்னும். ஊரில் தடை நீங்கியிருக்கும். விறகடுப்பு மூட்டுவார்கள். அல்லி அவள் அம்மாவுக்கு விளக்கு ஏற்றுவாள்.

"ஐயா, ஒரு போன் பேசணும்."

"ஜெயிலுக்குள்ள போயிப் பேசுங்க. அவங்க விட்டா."

"இப்பவே பேசணும்யா. எம் பொண்ணுகிட்ட. ஒரே வார்த்த."

கருணாகரன் ஓட்டுநர் முதுகைப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து எண்ணைக் கேட்டு அழுத்தி அவர் காதில் வைத்தார். நாலு தடவை மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது.

"யாரு?"

"அல்லி, அப்பா பேசுறேன். தைக்குள்ள அந்த ஊர விட்டு..."

இணைப்பு அறுந்தது. கருணாகரன் மறுபடி அழுத்தினார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது.

"ரெண்டு நாள் போவட்டும்" என்றார் கருணாகரன். "கோவம் தணியும்."

கிளைச் சிறை தாலுகா அலுவலகத்துக்குப் பின்னால் இருந்தது. மேசையில் இருந்தவர் பெயர், வயது, மச்சம் எழுதினார். குற்றம் என்ற இடத்தில் பீடி புகைத்து இருவர் மரணத்துக்குக் காரணமானது என்று எழுதினார். பக்கிரிசாமி அவரிடம் சொன்னார். பூச்சியைப் பற்றி, குளம் கொதித்ததைப் பற்றி, தை மாதத்தைப் பற்றி. ஒழுங்காக, முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல் சொன்னார். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"கெணத்த மூடினா ஊரு எரியும். அதானே?"

"ஆமாங்கய்யா. கோட்டாட்சியர் அம்மாகிட்ட தமிழ்மாறன்னு ஒரு தம்பி எழுதிக் குடுத்த தாளு இருக்கு. அவங்களக் கேளுங்க."

"ஊருல தீ வைக்கக்கூடாதுன்னு ஒன்னத்தானே காவல் போட்டுருந்தாங்க?"

"ஆமாங்க."

"நீதானே வச்ச?"

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். இல்லை என்று சொன்னால் நாளைக்கே விசாரணை மறுபடி தொடங்கும், ஏழாம் நாள் மூடுவார்கள். ஆமாம் என்றால் இங்கே யாரும் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மேசைக்காரர் பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். அவருக்கும் வீட்டுக்குப் போகும் நேரம்.

"ஆமாங்க. நாந்தான்" என்றார் பக்கிரிசாமி.

"அப்பறம் என்னய்யா கதை சொல்ற? மனு எழுதணும்னா திங்கக்கிழமை பேப்பர் தருவாங்க. உள்ள போ."

மூன்றாம் அறையில் ஏற்கெனவே இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவன் காலை மடக்கி இடம் விட்டான். பக்கிரிசாமி உள்ளே போனதும் சிறைக்காவலர் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். சாவியைத் திருப்பினார். பூட்டு விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.